மருந்தடிக்காத மல்லிகை

உலகத்துக்கெல்லாம் சென்ட்டு செய்து அனுப்புகிற ஊரில் இருக்கிறேன். தெற்கு பிரான்சில் மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே வாசனை என்று எதுவும் கிடையாது. டீசல் புகையும் புதுப் பெயிண்டு நெடியும்தான். பூந்தோட்டங்கள் எப்போதோ பங்களாக்களாகவும் நீச்சல்குளங்களாகவும் ஆகிவிட்டன. பூ வேண்டுமென்றால் எகிப்துக்குப் போ, இந்தியாவுக்குப் போ என்பார்கள். போவதற்கென்று என்னை வைத்திருக்கிறார்கள். பாண்டிச்சேரியில் பிறந்து, பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டும் தமிழ் நாக்கும் சேர்ந்து வாய்த்த ஆள் நான். மொழிபெயர்ப்பாளர் செலவு மிச்சம்.

இந்த முறை என்னை விரட்டியது எங்கள் முதலாளியம்மாவுக்கு வந்த ஓர் ஆசை. பூச்சிமருந்து ஒரு துளிகூடப் படாத மல்லிகை வேண்டும். புட்டிக்குப் பின்னால் அந்தத் தோட்டத்தின் கதையை அச்சடிக்க வேண்டும். பாரிஸில் அதைப் படித்துவிட்டு யாரோ கண் கலங்குவார்களாம். மருந்தடிக்காத மல்லிகையைத் தமிழ்நாட்டில் தேடுவது உப்பில்லாத கருவாட்டைத் தேடுவது மாதிரி என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்து, எங்களுக்கு ஏலக்காய் பிடித்துக் கொடுக்கும் போடி ஏஜெண்டு சாமுவேல், "ஒரு தோட்டம் இருக்கு சார், வந்து பாருங்க" என்று போனில் சொல்லித் தொலைத்தார்.

தேனியில் இறங்கியதுமே முதல் அடி. வீரபாண்டித் திருவிழா நடந்துகொண்டிருந்தது. நான் ஏறி இறங்கிய லாட்ஜுகளில் எல்லாம் எல்லா அறையிலும் ஒரு குடும்பம், எல்லா வராந்தாவிலும் ஒரு மஞ்சள் வேட்டி. "இன்னும் ஒரு வாரத்துக்கு ஈ காக்காவுக்குக்கூட ரூம் கெடையாது சார். மொதல்லயே போன் போட்டுக் கேக்க மாட்டீகளா?" என்று ஆட்டோக்காரர் என்னைத்தான் திட்டினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போடிக்குப் பஸ் ஏறினேன். சாமுவேல் தன் ஏலக்காய்க் கிட்டங்கிக்கு மேலே ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தார்.

எத்தனையோ வருடமாக ஏலக்காய் எண்ணெய் வாங்குகிறேன். அதற்குள்ளேயே படுத்தது இப்போதுதான். ஒரு மணி நேரம் சொர்க்கம், அப்புறம் தலைவலி. கீழே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பெருத்த பச்சைக் காய் ஒரு பக்கம்; வெளுத்தது, வெடித்தது, சுருங்கியது எல்லாம் இன்னொரு பக்கம். அந்த இன்னொரு பக்கம்தான் எண்ணெய்க்கு, அதாவது எங்களுக்கு. யாரும் எதையும் மோந்து பார்க்கவில்லை. கண்ணுக்கு அழகாக இருந்தால் நல்ல சரக்கு. அந்த வேளையில் இதை ஒரு வேடிக்கையாகத்தான் குறித்துக்கொண்டேன்.

சாமுவேல் அறுபதை நெருங்குகிறவர். மூன்று தலைமுறையாகப் போடி பஜாரில் கடை வைத்திருக்கிற கிறிஸ்தவக் குடும்பம். காலை இட்லிக்கு முன்னால் கண்ணை மூடி, நான் வந்த காரியம் வாய்க்க வேண்டும் என்று நெடுநேரம் ஜெபம் செய்தார். சாம்பார் ஆறிப்போயிற்று. ஆமென் சொன்ன கையோடு விஷயத்துக்கு வந்தார்.

"தவமணின்னு ஒரு பொம்பள சார், மயிலாடும்பாறைக்கு அங்கிட்டு. மருந்தடிக்கும்போது ஒருதடவ மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில கெடந்துச்சு. அதுலருந்து ரெண்டு வருசமா செடிக்கு மருந்தே காட்டல. புழுவக் கையாலதான் பொறுக்குது. புழு கடிச்ச மொட்ட ஆண்டிபட்டி மார்க்கெட்ல எவன் சீந்துவான்? வீட்டுக்காரரு மல்லியப் புடுங்கிட்டு வாழக்கன்னு வைக்கணும்னு நிக்கிறாரு. ஜேசிபிக்குச் சொல்லியாச்சு. இந்தம்மாதான், கம்பெனிக்காரர் வந்து பாத்துட்டுப் போகட்டும், அவுக வேணாம்னா புடுங்கிக்கங்கன்னு மறிச்சு வச்சிருக்கு."

"அப்படியென்றால் நான் சொல்வதில்தான் இருக்கிறதா?"

"ஆமா சார். நீங்க சரின்னா செடி நிக்கும். இல்லன்னா இல்ல."

எனக்கு எரிச்சலாக இருந்தது. பூப் பார்க்க வந்தவன் தலையில் ஒரு குடும்பத்தின் தோட்டத்தைத் தூக்கி வைத்தால் எப்படி இருக்கும்? ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். இந்த வேலையில் வாங்கமாட்டோம் என்று சொல்வதே வழக்கம். வாங்குகிறோம் என்று ஒரு தடவை சொல்லிவிட்டு வரலாம் என்று ஆசைப்பட்டேன்.

மறுநாள் சாமுவேலின் ஸ்கூட்டரில் கிளம்பினோம். கண்டமனூர் தாண்டியதும் பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது. பங்ச்சர் கடைக்காரர் திருவிழாவுக்குப் போயிருந்தார். அவருக்குப் பதிலாக உட்கார்ந்திருந்த கிழவர், கடை திறந்துதான் இருக்கிறது, ஆனால் தனக்குப் பங்ச்சர் ஒட்டத் தெரியாது என்று மரியாதையாகச் சொன்னார். வெயில் மண்டையைப் பிளந்தது. ஸ்கூட்டரை அவரிடமே விட்டுவிட்டு, வந்த ஒரு குட்டியானை வண்டியைக் கைகாட்டி நிறுத்தினோம். பின்னால் ஆடுகள். முன்னால் டிரைவரோடு ஏற்கனவே இரண்டு பேர். நாங்கள் ஆடுகளோடு ஏறினோம். அதில் ஒன்று வழி நெடுக என் சட்டைக் கையைச் சப்பிக்கொண்டே வந்தது. சென்ட்டுக் கம்பெனிக்காரன் ஆட்டு வாடையோடு போய் இறங்கினேன்.

வீட்டு வாசலில் தவமணியின் கணவர் பெருமாள் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, புது வேட்டி. என்னைத் தாண்டி வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"வெள்ளக்காரர் வரலியா?"

"இவுகதான் பெருமாளு," என்றார் சாமுவேல்.

அவர் முகம் கொஞ்சம் விழுந்தது. ஆனாலும் கையெடுத்துக் கும்பிட்டார். "வாங்க சார், இங்கன உக்காருங்க, ஃபேன் காத்து வரும்." உள்ளே மேசையில் ஒரு ரொட்டிப் பாக்கெட், ஒரு ஜாம் புட்டி, கிரீம் பிஸ்கட். வெள்ளைக்காரர் சோறு சாப்பிடமாட்டார் என்று ஆண்டிபட்டி வரை போய் வாங்கி வந்தார்களாம். அடுப்பில் மொச்சைக் குழம்பு கொதிக்கிற வாசம் வந்துகொண்டிருந்தது. முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் விமானத்தில் கொடுப்பதையே இங்கேயும் தின்ன வேண்டியதாயிற்று. ஜாம் தடவிய ரொட்டியை மென்றுகொண்டே தவமணி எங்கே என்று கேட்டேன்.

"தோட்டத்துல நிக்கிது. விடியக்காலம் போனது. நீங்க வர்றதுக்குள்ள பாத்தியெல்லாம் கூட்டிவிட்டுட்டு நிக்கிது."

தோட்டத்தை யாராவது கூட்டுவார்களா? கூட்டியிருந்தாள். செடிகளுக்கு நடுவே ஒரு சருகு கிடையாது. நாற்பத்தைந்து வயதிருக்கும் அவளுக்கு. உயரமான, எலும்பு தெரிகிற உடம்பு. கண்கள் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன. மேற்கே மலை, அதற்குக் கீழே பச்சையாகக் குண்டுமல்லிச் செடிகள். காலைப் பறிப்பு முடிந்தும் மொட்டுகள் மிச்சம் இருந்தன. அழகாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். புட்டிக்குப் பின்னால் அச்சடிக்கிற வாசகம் மனசுக்குள் தானாக ஓட ஆரம்பித்தது. அப்போதுதான் மூக்கில் அது ஏறியது. மண்ணெண்ணெய் மாதிரி ஒரு நெடி, அதற்கடியில் இன்னும் ஏதோ கசப்பாக.

"ஒரு புழு கண்ணுல படுதான்னு பாருங்க சார்," என்றாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "ஒரு எலையில ஓட்டை இருந்தாச் சொல்லுங்க."

"ரொம்பச் சுத்தமாக இருக்கிறதே."

"இருக்காம? நீங்க வர்றீகன்னு அண்ணன் போன் போட்டதுலருந்து மூணு தடவ மருந்தடிச்சுட்டேன். ஆளு விட்டா அரகொறையா அடிப்பாகன்னு நானே டாங்க முதுகுல மாட்டிக்கிட்டேன். மூஞ்சியில துண்டச் சுத்திக்கிட்டுத்தான் அடிச்சேன். அப்படியும் ராத்திரியெல்லாம் வாந்தி. இருந்துட்டுப் போகுது, ஒரு செடி விடலல்ல?"

நான் சாமுவேலைத் திரும்பிப் பார்த்தேன். மனிதர் முகத்தில் சவக்களை.

"தவமணி, நான் சுத்தமா வச்சுக்கன்னுதானத்தா சொன்னேன்," என்றார் மெதுவாக.

"அதத்தான செஞ்சேன்ணே?"

விருந்தாளி வருகிறார் என்றால் சுவருக்கு வெள்ளையடிப்போம், பிள்ளைக்குப் புதுச்சட்டை போடுவோம். அவள் செடிக்கு மருந்து அடித்திருக்கிறாள். இந்தப் பக்கத்தில் தோட்டம் சுத்தமாக இருக்கிறது என்றால் புழு இல்லை என்று அர்த்தம், புழு இல்லை என்றால் மருந்து அடித்திருக்கிறது என்று அர்த்தம். இது சாமுவேலுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எதற்காக அவளைத் தேர்ந்தெடுத்தோம் என்பதை மட்டும் அவர் அவளிடம் சொல்லவே இல்லை. வரப்போரமாக இழுத்துப் போய் ஏன் என்று கேட்டேன்.

"ஏவாரத்துல அதச் சொல்லுவாகளா சார்? மருந்தில்லாத பூவுக்குத்தான் கம்பெனி அலையுதுன்னு வெளிய தெரிஞ்சா, ஊர்ல இருக்கிற அம்புட்டுப் பேரும் நாங்களும் அடிக்கலன்னு வந்து நிப்பாக. மத்த ஏஜெண்டு மோப்பம் புடிச்சு வந்துருவான். அந்தம்மாதான் அடிக்கவே அடிக்காதே, சொல்லணுமான்னு இருந்துட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை ஓடைக்குள் தள்ளியிருப்பேன். ஜெபமாம் ஜெபம். வாயைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

நாங்கள் ஒதுங்கிப் பேசியதிலேயே தவமணிக்கு ஏதோ புரிந்துவிட்டது. நேரே என்னிடம் வந்தாள். "எதுன்னாலும் எங்கிட்டச் சொல்லுங்க சார். கம்பெனி எடுக்குமா, எடுக்காதா? நாளைக்கழிச்சு மிஷின் வருது."

இழுத்தடிக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் கம்பெனிக்கு வேண்டியது மருந்து படாத பூ, அவள் இரண்டு வருடமாக வளர்த்தது அதைத்தான், இந்த வாரம் அடித்ததோடு அது கெட்டுவிட்டது என்று சொன்னேன். மாதிரியைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு போகிறேன், ஆனால் தேறாது என்றேன். மூக்கால் பிழைக்கிற ஊரில் இத்தனை வருடம் இருந்தவன், நெடியை நானே மோந்தவன், எனக்குத் தெரியாதா? அந்தத் தைரியத்தில் சொன்னேன்.

அவள் குனிந்து ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப, புழுவோட இருந்திருந்தா எடுத்திருப்பீகளா?"

"எடுத்திருப்போம்."

"மோட்டாரப் போட்டு எல்லாச் செடியவும் கழுவி விட்டுட்டா?"

"உள்ளே இறங்கியிருக்கும் அம்மா. கழுவினால் போகாது."

"அடுத்த வருசம் வருவீகளா? இனி ஒரு சொட்டு அடிக்கல. வீரபாண்டி ஆத்தா மேல சத்தியமா அடிக்கல."

முதலாளியம்மாவின் ஆசை ஒரு வருடம் தாங்காது. அடுத்த வருடம் ரோஜா என்பார், அதற்கடுத்த வருடம் மரிக்கொழுந்து என்பார். எனக்குத் தெரிந்ததை வைத்துக்கொண்டு வருகிறேன் என்று எப்படிச் சொல்வது? நிச்சயம் சொல்ல முடியாது என்றேன். அவள் சாமுவேல் பக்கம் திரும்பி, "ஒரு வார்த்த சொல்லிருக்கலாமேண்ணே," என்றாள். அவ்வளவுதான். சத்தம் போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பெருமாள் எங்களுக்குப் பின்னாலேயே வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்தார். அவர் நினைத்தது நடக்கப்போகிறது, சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "விடு தவமணி," என்று மட்டும் சொன்னார். "அவுக என்ன செய்வாக? அவுகளுக்கு மேல இருக்கிறவுக கேக்குறதத்தான பாக்கணும்." பிறகு போனை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போனார்.

சாப்பிடாமல் கிளம்ப விடமாட்டேன் என்றாள். மறுபடி ரொட்டியை எடுக்கப் போனவளைத் தடுத்து, அந்த மொச்சைக் குழம்பைப் போடுங்கள் என்றேன். அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தாள். "இத முன்னாடியே சொல்லிருந்தா அந்த ஜாமு வாங்குன அலைச்சல் மிச்சம்." சோறு போடும்போது சொன்னாள், கம்பெனி சரியென்றால் வீரபாண்டியில் தீச்சட்டி எடுப்பதாக வேண்டியிருந்தாளாம். இப்போது எடுக்கவேண்டியதில்லை. குழம்பு அபாரம். எனக்குத்தான் இறங்கவில்லை.

மொட்டுகளையும் சில இலைகளையும் குப்பியில் போட்டு முத்திரை வைத்து ஐஸ் பெட்டியில் எடுத்துக்கொண்டேன். தேறாத மாதிரியையும் பரிசோதனைக்கு அனுப்பியாக வேண்டும், அது எங்கள் விதி. பரிசோதனைக்கூடம் கொச்சியில் இருக்கிறது. மறுநாள் தேனியிலிருந்து குமுளி பஸ்ஸில் ஏறினேன்.

வீரபாண்டியில் பஸ் நின்றே போய்விட்டது. முல்லையாற்றுப் பக்கமிருந்து ஈரச்சேலையோடு பெண்கள் தீச்சட்டி ஏந்தி ரோட்டை நிறைத்து வந்தார்கள். வேப்பிலை, சாம்பிராணி, எரிகிற எண்ணெய், ஒவ்வொரு கொண்டையிலும் மல்லிகை. எங்கள் ஊர்க் கெட்டிக்காரர்கள் இதைப் புட்டியில் அடைக்க உயிரை விடுவார்கள். அத்தனை பேருக்கும் வேண்டிக்கொண்டது ஏதோ ஒன்று நடந்திருக்கிறது, அதனால் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்தபோது எனக்கு அந்த வாசனையே பிடிக்கவில்லை. ஜன்னலைச் சாத்தினேன். பக்கத்து சீட்டுக்காரர் வேர்க்கிறது என்று திறந்துவிட்டார்.

அதற்கப்புறம் பள்ளத்தாக்கு வழக்கம்போல விரிந்தது. சின்னமனூர், உத்தமபாளையம், தென்னை, வாழை, நெல். கம்பத்துக்குப் பக்கத்தில் திராட்சைப் பந்தலுக்கடியில் ஒருவர் வெறும் முகத்தோடு மருந்தடித்துக்கொண்டிருந்தார். பின் சீட்டில் ஒரு மலையாளத் தம்பதி என் பெட்டியைப் பற்றி வழக்காடிக்கொண்டு வந்தார்கள். "மீன்தான்," என்றார் கணவர். "மீன் என்றால் நாறாதா?" என்றார் மனைவி. "நல்ல ஐஸ் போட்டிருக்கிறார், கெட்டிக்காரர்." எனக்கு மலையாளம் புரியும் என்று அவர்களுக்குத் தெரியாது. குமுளியில் இறங்கும்போது, என்ன மீன் என்று அவரே தமிழில் கேட்டுவிட்டார். அயிலை என்றேன். அவர் மனைவியை வெற்றியோடு பார்த்தார். கொச்சியில் பெட்டியை ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறினேன்.

சில வாரம் கழித்து அறிக்கை வந்தது. திறக்கவே தோன்றவில்லை. திறந்தால், பூச்சிமருந்தின் தடயம் எதுவும் இல்லை என்று இருந்தது. அவர்கள் தேடுகிற நீண்ட பட்டியலில் ஒன்றுகூட இல்லை. மாதிரி மாறிவிட்டதா என்று கேட்டு எழுதினேன். மாறவில்லை, மறுபடியும் பார்த்தோம், சுத்தம் என்று பதில் வந்தது. முதலாளியம்மா துள்ளிக் குதித்தார். உடனே அந்தத் தோட்டத்தை எடுத்துக்கொள், படம் எடுக்க ஆள் அனுப்புகிறேன் என்றார்.

சாமுவேலைக் கூப்பிட்டேன். விசாரித்துவிட்டு மாலையில் பேசினார். "அந்த மருந்துக் கடைக்காரன் பூராம் டூப்ளிகேட் சார். மண்ணெண்ணெயில சாயத்தக் கலந்து டப்பாவுல அடைச்சு வித்திருக்கான். இப்பத்தான் ஊர்ல வெளிச்சத்துக்கு வருது." நான் மோந்தது அந்த மண்ணெண்ணெயை. அதுவும் அந்த வெயிலில் ஆவியாகப் போயிருக்கும். அவள் வாந்தி எடுத்ததும் அதனால்தான். அன்றைக்குப் புழு கண்ணில் படாததற்குக் காரணம் மருந்தே இல்லை. வழக்கம்போல விடிகாலையில் நின்று கையால் பொறுக்கியிருக்கிறாள்.

"தோட்டம்?" என்றேன்.

"சொன்ன தேதிக்கு மிஷின் வந்துருச்சு சார்."

அவளிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் எப்படியும் சாமுவேல் வாயிலிருந்து அரையும் குறையுமாகப் போய்ச் சேரும், அதற்கு நானே சொல்லிவிடலாம் என்று நினைத்துக் கூப்பிட்டேன். தவமணிதான் எடுத்தாள். நான் யார் என்று சொன்னதும், "சார், நல்லா இருக்கீகளா? சாப்பிட்டீகளா?" என்றாள். பின்னால் மோட்டார் ஓடுகிற சத்தம். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தாள். கடைக்காரன் ஏமாற்றியதை, அறிக்கையை, கம்பெனி எடுக்கச் சொன்னதை எல்லாம் சொன்னேன். அவள் மோட்டாரை நிறுத்துகிற சத்தம் கேட்டது.

அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"இத அவருகிட்டச் சொல்லிராதீக சார். மிஷின் வந்த அன்னைக்கு அவருதான் அழுதாரு."